விலைச் சீட்டில் அச்சேறாத விலை

அமெரிக்காவில் ஒரு புதுக் காரை விற்பனைக்கு நிறுத்தினால் அதன் கண்ணாடியில் ஒரு சீட்டு ஒட்டியாக வேண்டும். இது 1958ஆம் ஆண்டுச் சட்டம். ஒக்லஹோமா மாநிலத்து செனட்டர் மன்ரோனி கொண்டுவந்தது. இன்றைக்கும் அந்தச் சீட்டை அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். அதற்கு முன்னால் காரின் விலை வியாபாரியின் வாயில் இருந்தது. ஆளைப் பார்த்து விலை. ஆசையைப் பார்த்து விலை. சட்டம் வந்த பிறகு கம்பெனி குறித்த விலை என்ன, கூடுதல் சாதனங்களுக்கு எவ்வளவு, கொண்டுவந்து சேர்க்கும் கூலி எவ்வளவு என்று அச்சடித்து ஒட்ட வேண்டியதாயிற்று.

பிற்காலத்தில் அதே சீட்டில் பெட்ரோல் கணக்கும் ஏறியது. 2013ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து, இந்த வண்டிக்கு ஆண்டுக்கு எவ்வளவு பெட்ரோல் செலவாகும், சராசரி வண்டியோடு ஒப்பிட்டால் 5 ஆண்டுகளில் எவ்வளவு கூடும் அல்லது குறையும் என்று டாலர் கணக்கில் போட்டாக வேண்டும்.

நல்லது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் ஒரு கேள்வி. காருக்குச் சொந்தக்காரன் கையை விட்டுப் போகும் தொகைகளில் மிகப் பெரியது எது? பெட்ரோலா? இல்லை. வட்டியா? இல்லை. டயரா, பட்டறைக் கூலியா? அதுவும் இல்லை. வாங்கிய நாளிலிருந்து காரின் மதிப்பு இறங்கிக்கொண்டே போகிறதே, அந்தத் தேய்மானம்தான் மிகப் பெரிய செலவு. அந்த ஒன்றுக்கு மட்டும் சீட்டில் இடம் கிடையாது!

இது மறதியா? மறதி என்றால் 1958இலிருந்து இத்தனை ஆண்டுகளில் ஒரு நாளாவது நினைவு வந்திருக்க வேண்டாமா? நினைவு வராததற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைத்தான் இங்கே எடுத்துப் பார்க்கப் போகிறோம். அதிலும் இந்த வஞ்சகம் மிக வெளிச்சமாகத் தெரியும் ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம்: இரண்டே கதவு, தாழ்ந்த கூரை, நீண்ட மூக்கு, பின்னால் பெயருக்கு இரண்டு இருக்கை. ‘ஸ்போர்ட்ஸ் கூப்பே’ என்று அந்த நாட்டில் இளைஞர்களின் நெஞ்சில் பதித்துவைத்திருக்கிறார்களே, அந்த வண்டி.

தேய்மானத்தின் அளவு

அமெரிக்க ஆட்டோமொபைல் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. கார்காரர்களின் சங்கம், கம்பெனிகளுக்குப் பகையான அமைப்பு அல்ல. கார் வைத்திருக்க என்ன செலவாகிறது என்று அது 1950இலிருந்து கணக்குப் போட்டு வெளியிட்டு வருகிறது. 1950இல் மைலுக்கு 9 சென்ட் என்றது. 2024இல் ஒரு புதுக் காருக்கு ஆண்டுக்கு 12,297 டாலர் என்றது. அதில் தேய்மானம் மட்டும் 4,680 டாலர்! அதாவது 100 டாலர் செலவில் 38 டாலர். பெட்ரோல், இன்ஷூரன்ஸ், வட்டி, பழுதுபார்ப்பு எதுவும் தனியாக அந்தத் தொகையை எட்டவில்லை.

இது எல்லா வகைக் கார்களுக்கும் எடுத்த சராசரி. குடும்பக் காரும் இதில் சேர்த்தி. ஆகவே தேய்மானம் என்பது பணக்காரன் தலைவலி என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது.

பெட்ரோலுக்குக் கொடுக்கும் காசு கண்ணுக்குத் தெரிகிறது. பம்பின் முன்னால் நிற்கும்போது எண்கள் ஓடுகின்றன, மனம் பதறுகிறது. டயருக்குக் கொடுப்பதற்கு ரசீது வருகிறது. தேய்மானத்துக்கு ரசீது கிடையாது. இரவு தூங்கும்போதும் அது போகிறது. வண்டி கொட்டகையில் நிற்கும்போதும் போகிறது. விற்கப் போகிற அன்றுதான், “இவ்வளவுதானா?” என்ற ஒரு கேள்வியாக அது வெளியே வருகிறது. அன்றைக்கு எல்லாம் முடிந்துபோய்விடுகிறது.

காட்டுக் குதிரையின் தோலுக்குள்ளே

இந்த வண்டி எப்படிப் பிறந்தது என்று பார்த்தால் தேய்மானத்தின் இரகசியமும் விளங்கும்.

1964ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் தேதி, நியூயார்க் உலகப் பொருட்காட்சியில் ஃபோர்டு கம்பெனி ‘மஸ்டாங்’ என்ற காரை அறிமுகப்படுத்தியது. மஸ்டாங் என்றால் காட்டுக் குதிரை. ஓடும் குதிரைதான் முகப்பு முத்திரை. ஆரம்ப விலை 2,368 டாலர். முதல் 12 மாதங்களிலேயே 4 லட்சத்துக்கு மேல் விற்றது. அமெரிக்க மோட்டார் சரித்திரத்தில் பெரிய வெற்றி என்று இன்றுவரை கொண்டாடுகிறார்கள்.

அந்தக் குதிரையின் தோலை உரித்துப் பார்த்தால் உள்ளே என்ன இருந்தது? ‘பால்கன்’ இருந்தது! பால்கன் என்பது அதே கம்பெனி 1960 மாடலாகக் கொண்டுவந்த சிக்கனமான குடும்பக் கார். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விடவும் கடைக்குப் போய் வரவும் செய்த வண்டி. அதன் அடித்தளமும் பாகங்களும்தான் மஸ்டாங்குக்கும் பெருமளவு ஆதாரம். ஆரம்ப விலை வண்டியில் இருந்தது சாதாரண 6 சிலிண்டர் இயந்திரம். வேகமான 8 சிலிண்டர் வேண்டுமா? தனி விலை. நல்ல பிரேக் வேண்டுமா? அதற்கும் தனி விலை.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மஸ்டாங் பிறப்பதற்கு 5 ஆண்டு முன்னால், 1959இல், ஃபோர்டு தனக்கென்று ஒரு கடன் கம்பெனியை ஆரம்பித்துவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் அதைவிட உஷார். 1919லேயே தன் கடன் கம்பெனியை நிறுவிவிட்டது. முதலில் கடன் வலை. பிறகு அதில் விழ ஆசை. இதுதான் வரிசைக்கிரமம்.

அந்த ஆசையை ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் வித்தையையும் ஜெனரல் மோட்டார்ஸ்தான் ஒழுங்குபடுத்தியது. 1923இல் தலைமைக்கு வந்த ஆல்பிரட் ஸ்லோன் காலத்தில் வருஷத்துக்கு ஒரு மாடல் என்ற முறை நிலைத்தது. 1927இல் காரின் உருவத்துக்கும் வர்ணத்துக்கும் என்றே ஒரு தனி இலாகா திறந்து ஹார்லி ஏர்ல் என்பவரை அதற்குத் தலைவராக்கினார்கள். அதன் வேலை என்ன? போன வருஷத்துக் கார் பழசாகத் தெரிய வேண்டும். இயந்திரம் பழசாகவில்லை, சக்கரம் பழசாகவில்லை. தகரத்தின் வளைவு மட்டும் பழசாகிவிட்டது!

இயந்திரத்துக்கு இரண்டு விதத் தேய்மானம் உண்டு என்று 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதல் பாகத்தில் மார்க்ஸ் விளக்கியிருக்கிறார். உழைத்து உழைத்து உடம்பு தேய்வது ஒன்று. அதைவிட மலிவாகவோ சிறப்பாகவோ வேறு இயந்திரம் வந்துவிடுவதால் மதிப்புத் தேய்வது இன்னொன்று. இந்த இரண்டாவது தேய்மானத்துக்கு டெட்ராய்ட் கம்பெனிகள் ஒரு புது வகை கண்டுபிடித்தார்கள். சிறந்த இயந்திரம் வர வேண்டியதே இல்லை. புது முகப்பு விளக்கு வந்தால் போதும், பழையது மதிப்பிழக்கும்.

இது நம்முடைய கற்பனை அல்ல. ஃபிஷர், கிரிலிக்கஸ், கேய்சன் என்ற மூன்று அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் 1962இல் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். 1949 மாடல் காரோடு நிறுத்தியிருந்தால் எவ்வளவு மிச்சமாகியிருக்கும் என்பதுதான் கேள்வி. உருவத்தைப் பெருக்கியது, குதிரைசக்தியை ஏற்றியது, ஆண்டுதோறும் அச்சுகளை மாற்றியது, அதனால் கூடிய பெட்ரோல் எல்லாம் சேர்த்து, 1956 முதல் 1960 வரை ஆண்டுக்குச் சுமார் 500 கோடி டாலர் என்று கணக்கிட்டார்கள். வாங்கும் விலையில் மட்டும் காருக்குச் சுமார் 700 டாலர். அதாவது விலையில் கால் பங்குக்கு மேல். அந்த மூவரும் பெரிய சர்வகலாசாலைகளின் பேராசிரியர்கள். தெருமுனைப் பேச்சாளர்கள் அல்ல.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

வாய்ப்பேச்சு வேண்டாம், காகிதமும் பென்சிலும் எடுப்போம். ஓர் இளந்தொழிலாளி 40,000 டாலர் விலையுள்ள ஒரு ஸ்போர்ட்ஸ் கூப்பே வாங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். கையில் முன்பணம் இல்லை. 72 மாதத் தவணை. ஆண்டுக்கு 9 சதவீத வட்டி. மாதத் தவணை 721 டாலர் வரும். “மாதம் 721 தானே!” என்கிறான் விற்பனையாளன். 72 மாதமும் கட்டி முடிக்கும்போது கொடுத்தது 51,900 டாலருக்கு மேல்.

5 ஆண்டு கழித்து வண்டி பாதி விலைக்குப் போகிறது என்று வைப்போம். இதைவிட நன்றாக விலை நிற்கும் கூப்பேயும் உண்டு. இதைவிட மோசமாக விழுவதும் உண்டு. பாதி என்றால் 20,000 டாலர் மறைந்துவிட்டது. ஆண்டுக்கு 4,000. வட்டி, அந்த 5 ஆண்டுகளின் சராசரியில், ஆண்டுக்குச் சுமார் 2,300.

பெட்ரோல்? ஆண்டுக்கு 12,000 மைல் ஓட்டம். காலனுக்கு 20 மைல். ஒரு காலன் 3 டாலர் 25 சென்ட். ஆக 1,950 டாலர். இன்ஷூரன்ஸ் 2,400 என்றும், டயர், பிரேக், எண்ணெய், பட்டறை எல்லாம் சேர்த்து 1,200 என்றும் போடுவோம். மொத்தம் 11,850 டாலர். மைலுக்கு ஏறக்குறைய 1 டாலர்! வாசலை விட்டு 10 மைல் போய்த் திரும்பி வந்தால் 20 டாலர் கரைந்தது என்று பொருள்.

இதில் பெட்ரோலின் பங்கு 100க்கு 16 அல்லது 17. தேய்மானத்தின் பங்கு 34. அதாவது பெட்ரோலைப்போல இரண்டு மடங்கு. ஆனால் கண்ணாடிச் சீட்டில் அச்சாகியிருப்பது எது? பெட்ரோல்!

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். மணிக்கு 25 டாலர் கூலி வாங்குகிறவன், 4,000 டாலருக்கு 160 மணி நேரம் உழைக்க வேண்டும். வாரத்துக்கு 40 மணி வீதம் 4 முழு வாரங்கள். வரிப்பிடித்தம் போனால் இன்னும் கூடும். அந்த 4 வாரமும் அவன் சோற்றுக்காக உழைக்கவில்லை, வாடகைக்காக உழைக்கவில்லை, பெட்ரோலுக்காகக்கூட உழைக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகிப்போன ஒரு தொகைக்காக உழைத்திருக்கிறான். தேய்ந்தது காரா, அவன் உழைப்பா?

கடன் ஒரு வேகம், கார் ஒரு வேகம்

இதுவரை பார்த்தது எல்லாம் சரியாக நடந்தால் வருகிற நஷ்டம். வாழ்க்கை எப்போதும் சரியாகவா நடக்கிறது?

அதே வண்டி முதல் ஆண்டில் 20 சதவீதம் மதிப்பிழந்து 32,000 டாலருக்கு வந்துவிட்டது என்று கொள்வோம். 12 தவணை தவறாமல் கட்டிய பிறகும் கடனில் நிற்பது சுமார் 34,730 டாலர். வண்டியின் மதிப்பைவிடக் கடன் 2,730 டாலர் அதிகம். அன்று ஒரு விபத்தில் வண்டி நொறுங்கிப்போனால் என்ன ஆகும்? இன்ஷூரன்ஸ் கம்பெனி வண்டியின் அன்றைய மதிப்பைத்தான் கொடுக்கும், கடனைக் கொடுக்காது. வண்டியும் இல்லை, கடன் மட்டும் மிஞ்சும்.

வேலை போய்விட்டால்? தவணை நின்றால், பெரும்பாலான மாநிலங்களில் கடன் கொடுத்தவன் கோர்ட்டுக்குப் போகாமலே வண்டியைத் தூக்கிக்கொண்டு போகலாம். கலகம் செய்யாமல் தூக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. தூக்கிய வண்டி ஏலத்துக்குப் போகிறது. ஏலத்தில் வந்த தொகை கடனுக்குக் காணாவிட்டால் பாக்கியை அந்த மனிதனே கட்ட வேண்டும். வண்டி யாரோ ஒருவன் வாசலில் நிற்கிறது. அதற்குப் பணம் கட்டுகிறவன் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறான்.

வேறு வண்டிக்கு மாறினால் தப்பலாமா? “கவலை வேண்டாம், பழைய பாக்கியைப் புதுக் கடனில் சேர்த்துவிடுகிறோம்” என்று தோளைத் தட்டுகிறான் வியாபாரி. 40,000 டாலர் வண்டிக்கு 42,730 டாலர் கடன். ஓட்டாத வண்டியின் தேய்மானத்துக்கும் வட்டி! தவணைக் காலம் நீள நீள இந்தப் பள்ளம் ஆழமாகிறது. 72 மாதம், 84 மாதம் என்பவை இன்று அங்கே சகஜமாகிவிட்டன. தவணை நீண்டால் மாதத் தொகை குறைகிறது. ஆனால் அசல் மெதுவாகக் குறைகிறது. காரின் மதிப்போ கடனின் வசதிக்காகக் காத்திருப்பதில்லை.

அவர்களுக்குத் தெரியாதா?

“எதிர்காலத்தில் ஒரு கார் என்ன விலைக்குப் போகும் என்று யாரால் சொல்ல முடியும்? தெரியாததை எப்படிச் சீட்டில் அச்சடிப்பது?” என்று கம்பெனிகளின் வக்கீல்கள் கேட்பார்கள். கேட்கட்டும். பதில் அவர்களுடைய மேஜையிலேயே இருக்கிறது.

அதே கடையில், அதே காரை, விலைக்கு வாங்காமல் 3 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்துப் பாருங்கள். நுகர்வோர் குத்தகைச் சட்டம் 1976இல் வந்தது. அதன் விதிகளின்படி தரப்படும் பத்திரத்தில், குத்தகை முடியும்போது வண்டியின் மதிப்பு எவ்வளவு என்று கொள்கிறார்கள், இடையில் எவ்வளவு தேய்மானம் உங்கள் தலையில் விழுகிறது என்று இரண்டு தொகைகளும் அச்சாகியிருக்கும். ஒரே கார், ஒரே கடை, ஒரே நாள். குத்தகைக்காரனுக்குத் தெரிகிற எண் கடன்காரனுக்கு மட்டும் மர்மமாகிவிடுகிறது! காரணம் சிக்கலானது அல்ல. குத்தகையில் திரும்பி வரும் வண்டி கம்பெனியின் வண்டி. தேய்மானம் கம்பெனியின் விவகாரம். ஆகவே சென்ட் விடாமல் எண்ணுகிறார்கள். கடனில் வாங்கிய வண்டி உங்கள் வண்டி. தேய்மானம் உங்கள் விவகாரம். ஆகவே அது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

இன்னொரு சாட்சி. கடனுக்கும் மதிப்புக்கும் இடையிலுள்ள பள்ளத்தை நிரப்புவதற்கென்றே தனியாக ஓர் இன்ஷூரன்ஸ் விற்கிறார்கள். காரை விற்ற அதே மேஜையில், அதே பேனாவால். பள்ளம் இருக்கிறது என்று தெரியாதவன் அதற்கு மூடி விற்பானா? பள்ளத்தின் ஆழம் தெரியாமல் மூடிக்கு விலை போடுவானா?

மூன்றாவது சாட்சி சர்க்கார். தொழிலுக்காகக் கார் ஓட்டினால் மைலுக்கு இவ்வளவு கழிக்கலாம் என்று வரி இலாகா ஆண்டுதோறும் அறிவிக்கிறது. 2025ஆம் ஆண்டுக்கு மைலுக்கு 70 சென்ட். அதில் தேய்மானம் மட்டும் 33 சென்ட் என்று அந்த இலாகாவே பிரித்துச் சொல்லியிருக்கிறது. ஏறக்குறையப் பாதி! வாஷிங்டனுக்குத் தெரிகிறது; குத்தகைக் கம்பெனிக்குத் தெரிகிறது; இன்ஷூரன்ஸ்காரனுக்குத் தெரிகிறது. பணம் கொடுக்கிறவனுக்கு மட்டும் தெரியக்கூடாது என்றால் இது என்ன நியாயம்?

வரிச் சட்டத்தின் நீதியையும் சற்றுப் பாருங்கள். ஒரு கம்பெனி தன் காரியத்துக்குக் கார் வைத்திருந்தால், தேய்மானத்தைச் செலவாக எழுதி வரியைக் குறைத்துக்கொள்ளலாம். ஒரு தொழிலாளி தன் சொந்தக் காரை நஷ்டத்துக்கு விற்றால் அந்த நஷ்டத்தை வரிக் கணக்கில் கழிக்க முடியாது. தப்பித்தவறி லாபத்துக்கு விற்றுவிட்டால்? லாபத்துக்கு வரி உண்டு! நஷ்டம் உனக்கு, லாபத்தில் எனக்குப் பங்கு. இதற்கு மேல் 2025 ஜூலையில் ஒரு புதுச் சலுகை தந்தார்கள்: அமெரிக்காவில் பூட்டி முடித்த புதுக் காருக்கு வாங்கும் கடனின் வட்டியை, 2025 முதல் 2028 வரை, ஆண்டுக்கு 10,000 டாலர் வரை கழித்துக்கொள்ளலாம். பழைய கார் வாங்கினால் இந்தச் சலுகை இல்லை. அதாவது தேய்மானம் அதிகமாக இருக்கும் காலத்தில், கடனோடு, புதுசாக வாங்கு என்கிறது சட்டம். சலுகை வாங்குகிறவனுக்கா, விற்கிறவனுக்கா?

“யார் வாங்கச் சொன்னது?”

இந்த இடத்தில் ஒரு குரல் எழும். “ஸ்போர்ட்ஸ் கார் ஓர் ஆடம்பரம். யார் அவனை வாங்கச் சொன்னது? சிக்கனமான காரை வாங்க வேண்டியதுதானே!”

நம் பக்கத்திலேயே சிலர் இப்படிச் சொல்வதுண்டு. சரி, ஆடம்பரம்தான். ஆனால் ஆடம்பரப் பொருளை வாங்குகிறவனை ஏமாற்றலாம் என்று எந்த தர்மசாஸ்திரம் சொல்கிறது? வாரம் முழுதும் ஒரே இயந்திரத்தின் முன்னால் நின்ற இளைஞன், ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளாவது தன் இஷ்டப்படி வேகமாகப் போக வேண்டும் என்று ஆசைப்படுவது குற்றமா? ஆசை மனித சுபாவம். அந்த ஆசையின் உண்மை விலையை மறைப்பதுதான் குற்றம். முழு விலையையும் தெரிந்துகொண்டு, “ஆம், எனக்கு இந்தச் சந்தோஷம் இவ்வளவு பெறும்” என்று அவன் வாங்கினால் நமக்கு ஆட்சேபணையே இல்லை. பாதி விலையைக் காட்டி மீதியை இருட்டில் பறிப்பதைத்தான் எதிர்க்கிறோம்.

“பழைய மஸ்டாங்குகள் இன்று பெரிய விலைக்குப் போகின்றனவே! இது நஷ்டமல்ல, முதலீடு” என்று சில விளம்பரக்காரர்கள் ஓதுகிறார்கள். 1960களின் நல்ல வண்டிகள் சில இன்று உயர்ந்த விலைக்குப் போவது உண்மைதான். ஆனால் எத்தனை லட்சம் வண்டிகள் உருக்காலைக்குப் போய்ச் சேர்ந்ததால் மிஞ்சியவை அருமையாயின? அந்த விலை கிடைப்பதற்கு முன்னால் எத்தனை பேர் கையில் அவை விழுந்து விழுந்து எழுந்தன? லாட்டரியில் ஜெயித்த ஒருவனைக் காட்டிச் சீட்டு விற்கும் வித்தைதான் இது.

2021இல் சிப்புத் தட்டுப்பாட்டால் புது வண்டிகள் குறைந்தபோது பழைய கார்களின் விலை ஏறியதும் உண்மை. அதையும் முதலீட்டுக்கு அத்தாட்சியாகக் காட்டுவார்கள். பஞ்சத்தில் அரிசி விலை ஏறினால், அரிசி மூட்டை வைத்திருப்பது எல்லாக் காலத்துக்கும் லாபம் என்று சொல்ல முடியுமா?

விலை இறங்கும், செலவு இறங்காது

இன்னும் ஒரு வாதம் இருக்கிறது; அதில் ஓரளவு நியாயமும் இருக்கிறது. முதல் சொந்தக்காரனின் நஷ்டம் இரண்டாவது சொந்தக்காரனுக்கு லாபமாயிற்றே. 40,000 டாலர் வண்டி 20,000க்குக் கிடைக்கிறதே என்பது. உண்மை. புதுசு வாங்காமல் 4, 5 ஆண்டு ஓடிய நல்ல வண்டியைத் தேடிப் பிடிக்கிறவன் தேய்மானத்தின் பெரும் பகுதியிலிருந்து தப்பிக்கிறான். கையில் காசு குறைந்தவனுக்கு இதுதான் தக்க வழி.

ஆனால் அவனுக்கும் ஒரு பொறி காத்திருக்கிறது. வண்டியின் விலைதான் பாதியாயிற்று. அதன் பாகங்களின் விலை பாதியாகவில்லை. அகலமான, வேகத்துக்கென்று செய்த டயர்கள் சாதாரண டயரைவிட விலை கூடியவை. மென்மையான ரப்பரானதால் சீக்கிரம் தேய்பவை. சில வகைகளில் முன் டயர் ஓர் அளவு, பின் டயர் வேறோர் அளவு. முன்னதைப் பின்னும் பின்னதை முன்னுமாக மாற்றிப் போட்டு ஆயுளை நீட்டவும் வழியில்லை. பெரிய பிரேக் தட்டு, கூடுதல் விலைப் பெட்ரோல், இளைஞன் என்றாலே ஏற்றிப் போடும் இன்ஷூரன்ஸ்—இவை எதுவும் வண்டிக்கு வயதாகிவிட்டது என்று தயவு காட்டுவதில்லை. 20,000 டாலருக்கு வாங்கியவன் 40,000 டாலர் வண்டியின் பராமரிப்பைச் சுமக்கிறான். வாங்கும் விலை வாசற்படிதான். வீடு உள்ளே இருக்கிறது.

ஆகவே அங்கே பழைய கூப்பே வாங்கப் போகிறவன் வண்டியின் விலையைக் கேட்பதற்கு முன்னால் நான்கு டயரின் விலையைக் கேட்க வேண்டும். முன் பிரேக் மாற்ற என்ன ஆகும் என்று கேட்க வேண்டும். தன் வயதுக்கும் தன் ஊருக்கும் இன்ஷூரன்ஸ் எவ்வளவு என்று எழுத்தில் வாங்க வேண்டும். அந்த மூன்று தொகையும் சம்பளத்துக்குள் அடங்காவிட்டால், வண்டியை இனாமாகக் கொடுத்தாலும் அது மலிவல்ல.

ஒரு வரி போதும்

கேட்பது புரட்சிகரமான எதுவும் அல்ல. கண்ணாடிச் சீட்டில் ஒரே ஒரு வரி: “இந்த வண்டி 5 ஆண்டுகளில் இழக்கக்கூடிய மதிப்பு, இந்த மாடலின் முந்திய வண்டிகள் விற்ற விலைப்படி, இத்தனை டாலர்.” பெட்ரோல் கணக்கும் மதிப்பீடுதானே? ஓட்டுகிறவனைப் பொறுத்து மாறக்கூடியதுதானே? அதை அச்சடிக்கச் சொன்ன சட்டம் இதையும் அச்சடிக்கச் சொல்லலாம். கடன் பத்திரத்திலும் ஒரு பத்தி வேண்டும். 1968ஆம் ஆண்டுக் கடன் உண்மைச் சட்டம் வட்டி விகிதத்தையும், மொத்த வட்டியையும், கட்டி முடிக்கும் மொத்தத் தொகையையும் எழுதச் சொல்கிறது. அதற்குப் பக்கத்தில் ஆண்டுவாரியாகக் கடன் பாக்கி எவ்வளவு, வண்டியின் மதிப்பு எவ்வளவாக இருக்கும் என்று இரண்டு எண்கள் போட்டால் என்ன கெட்டுவிடும்? குத்தகைப் பத்திரத்தில் போடுகிற கைக்கு இங்கே மட்டும் சுளுக்குப் பிடித்துவிடுமா?

இந்த ஒரு வரிக்கு ஏன் அஞ்சுகிறார்கள்? அது அச்சேறினால் 84 மாதத் தவணையின் மயக்கம் தெளிந்துவிடும். புது முகப்பு விளக்குக்காகப் போன வருஷத்து வண்டியைத் தள்ளிவிடும் பழக்கத்துக்கு என்ன விலை என்று வீட்டுக்கு வீடு கணக்குப் போடுவார்கள். எந்தக் கம்பெனியின் வண்டி விலை தாங்குகிறது, எது தாங்கவில்லை என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். நல்ல வண்டி செய்கிறவன் இதற்குப் பயப்பட வேண்டியதில்லை. தகரத்துக்கு வர்ணம் பூசி விற்கிறவன்தான் பயப்பட வேண்டும்.

1958க்கு முன்னால், காரின் விலையையே சீட்டில் போட வேண்டும் என்றபோது அது பெரிய விஷயமாகத் தோன்றியது. இன்று விலைச் சீட்டு இல்லாத காரை அந்த நாட்டில் யாரும் கற்பனைகூடச் செய்வதில்லை. விலையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது சட்டம். பெட்ரோலையும் வட்டியையும் கொண்டுவந்ததும் சட்டமே. கம்பெனிகளின் தாராள மனசு அல்ல. மிச்சமிருப்பது இந்த ஒன்று, எல்லாவற்றிலும் பெரிய ஒன்று. சம்பளத்திலிருந்து ஆண்டுக்கு 4 வாரத்தைத் தின்கிற அந்த எண், வாங்குகிறவன் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவன் கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும். கொடுக்கப்போகிறவன் அவன், கணக்கைப் பார்க்கும் உரிமையும் அவனுடையதே!